மேடையில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் குறித்துப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை ஆங்கில இலக்கிய மன்றக் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'ஆனஸ்ட்' (honest) என்ற சொல்லை 'ஹானஸ்ட்' என்று வாசித்தாள். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது, பெரியவர்களும் சிரித்தார்கள். அவள் பாதியிலேயே தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அடுத்த கூட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்த நான்கு பேர், திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்து, பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

'ஐ ஆம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மைசெல்ஃப்' என்று தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் சிறப்பு விருந்தினர்கள் பலரை ஆண்டு விழா மேடைகளில் பார்த்திருக்கிறேன். 'டிஸ்கஸ் அபவுட்' என்பார்கள், 'ரிட்டர்ன் பேக்' என்பார்கள். 'டிஸ்கஸ்' என்றாலே 'பற்றி' அதில் அடங்கிவிட்டது. 'ரிட்டர்ன்' என்றாலே திரும்புவதுதான். அங்கே யாரும் சிரித்ததில்லை.

அந்த மாணவி எழுதியிருந்ததை எழுதியபடி வாசித்தாள். எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளை வேறெப்படி வாசிக்கும்? 'ஆனஸ்ட்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதில் 'ஹெச்' எழுத்தில் மட்டும் நின்றுவிட்டது. அதே வழியில் வந்த 'ஹாஸ்பிட்டல்' சொல்லிலோ 'ஹெச்' நன்றாகவே ஒலிக்கிறது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, காதால் கேட்டால்தான் உண்டு. 'வென்ஸ்டே' (Wednesday) சொல்லின் நடுவில் ஒலிக்காமல் நிற்கும் 'டி'யும் அப்படித்தான். வோடன் என்ற பழைய தெய்வத்தின் பெயரில் எஞ்சிய எழுத்து அது.

இலக்கணப் பிழைகளுக்குத் தமிழே கை கொடுக்கும். இதை வீட்டில் நீங்களே சொல்லித்தரலாம். 'ஹி டிட் நாட் கேம்' என்று பிள்ளை சொன்னால், 'வரவில்லை' என்ற சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். 'வந்தான்' காலம் காட்டுகிறது. 'வரவில்லை'யில் உள்ள 'வர' காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் காலத்தை 'டிட்' ஏற்றுக்கொள்கிறது, அப்புறம் 'கம்' போதும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்றால், 'என் நண்பனில் ஒருவன்' என்று நாம் சொல்வோமா என்று கேளுங்கள். 'நண்பர்களில்' என்று பிள்ளையே திருத்தும். 'ஃப்ரெண்ட்ஸ்' தானாக வந்துவிடும்.

உச்சரிப்பில் நான் முக்கியமாக நினைப்பது அழுத்தத்தை. நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிப்போம். ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறும்: 'ஃபோட்டோகிராஃப்' சொல்லில் முதல் அசையில் விழும், 'ஃபொட்டாகிரஃபி'யில் இரண்டாவதுக்கு நகரும். 'டெவலப்' சொல்லிலும் இரண்டாவது அசைதான், 'டிவெலப்' என்பதுபோல. 'எம்' எழுத்தை 'யெம்' என்பதை நான் பெரிதாக எடுப்பதில்லை. 'எங்கே'யை 'யெங்கே' என்று பேசும் நாக்குக்கு அது இயல்பு, கேட்பவருக்கும் பொருள் கெடாது.

கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லின் உச்சரிப்பு இலவசமாகவே கேட்கும். நாளைக்கு ஐந்து சொற்கள் போதும், உங்கள் கைபேசியில் பிள்ளையோடு உட்கார்ந்து கேளுங்கள். பேச்சின் நடுவே மட்டும் திருத்த வேண்டாம். குறித்து வைத்து, முடித்த பிறகு சொல்லுங்கள்.

அந்த மாணவி மறுபடி வாசிக்கச் சம்மதித்திருக்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு, விட்ட இடத்திலிருந்து அல்ல, முதல் வரியிலிருந்தே வாசிக்கிறாள். அன்று சிரித்தவர்களும் அவசியம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்