நீங்கள் எடுக்காமல் விட்ட வேகன்களுக்கு எங்களிடம் டெமரேஜ் (வேகன் தாமதக் கட்டணம்) கேட்பது பற்றிய புகார்

பெறுநர்: சரக்குச் சேவை மேலாளர் அவர்கள்
அனுப்புநர்: உங்கள் பாதையில் உள்ள விவசாயிகள் கூட்டுறவுத் தானியக் கிடங்கு

வணக்கம்.

அக்டோபர் பில் வந்திருக்கிறது. சரக்குக் கட்டணத்தைக் கட்டிவிட்டோம், அதற்குக் கீழே டெமரேஜ் என்று போட்டிருக்கும் தொகையைக் கட்டப் போவதில்லை. போனில் கேட்டால் "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு" என்ற பதிலுக்கு மேல் எதுவும் வரவில்லை, அதனால் எழுத்தில் தருகிறேன்.

எங்கள் சைடிங்கில், அதாவது கிடங்கை ஒட்டிய கிளைத் தண்டவாளத்தில், பத்து ஹாப்பர் (தானிய) வேகன்தான் நிற்கும், இது உங்களுக்கே தெரியும். போன வருடம் வரை எஞ்சின் வாரத்துக்கு மூன்று நாள் வந்தது, காலி வேகனை விட்டுவிட்டு மக்காச்சோளம் ஏற்றியதை இழுத்துக்கொண்டு போனது. இந்த அறுவடைக்கு அதை ஒரே நாளாக்கிவிட்டீர்கள், முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. பெரிய ரயில்வே உங்களைப் போன்ற சின்னக் கிளைப்பாதைக் கம்பெனியிடம் ஒப்படைக்கும் காலி வேகன்கள் உங்கள் யார்டிலேயே தேங்குகின்றன, அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துக் கொண்டுவருகிறீர்கள், நாங்கள் ஏற்றி முடித்துத் தகவல் சொன்ன வேகன்களோ நீங்கள் எடுக்காததால் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இடம் கொள்ளாத வேகன்களைத் திரும்ப யார்டில் வைத்து, "வாடிக்கையாளர் வாங்கத் தயாராக இல்லை" என்று எழுதி மீட்டரை ஓடவிடுகிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

வேகன்கள் முடங்காமல் நாடு முழுக்கப் புழங்க வேண்டும், அந்தத் தேவைக்கு ஏற்றபடிதான் டெமரேஜைக் கணக்கிட வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. நாங்கள் முடக்கினால் வாங்குங்கள், ஒரு வார்த்தை பேசாமல் கட்டுகிறோம். இங்கே முடக்கியது நீங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாதை ராக் ஐலண்ட் ரயில்வே விட்டுப்போனது. அந்தக் கம்பெனி 1975இல் திவால் மனு போட்டு, 1980 மார்ச் 31ஆம் தேதியோடு ஓட்டத்தையே நிறுத்தியது. தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் இருக்க எங்கள் உறுப்பினர்கள் அன்று கையிலிருந்து பணம் போட்டார்கள். அதே வருடம் அக்டோபரில் வந்த, ரயில்வே மேல் இருந்த அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பிறகு, பெரிய ரயில்வேக்கள் கழற்றிவிட்ட கிளைகளைச் சின்னக் கம்பெனிகள் வாங்கி ஓட்டின, இன்று அமெரிக்காவில் அப்படிச் சுமார் 600 ஷார்ட் லைன்கள் இருக்கின்றன. நூறு வேகனுக்கு மேல் ஒரே ரயிலாக ஏற்றுகிறவர்களைத்தான் பெரிய ரயில்வே தேடிப் போகிறது. நாலு வேகன், எட்டு வேகன் ஏற்றுகிற எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் நீங்கள் இருக்கிறீர்கள், எங்களுக்கும் வராவிட்டால் அப்புறம் யாருக்கு?

பாதையின் நிலைமையும் மோசம். பல இடங்களில் மணிக்கு 10 மைலுக்கு மேல் போக முடியவில்லை. மெயின் லைனில் சரக்கோடு சேர்த்து 286000 பவுண்டு வேகன் ஓடுகிறது, நம் பழைய தண்டவாளம் தாங்காது என்று 263000 பவுண்டோடு நிறுத்தச் சொல்கிறீர்கள். வேகனுக்குச் சுமார் 400 புஷல் (ஏறக்குறைய 10 டன்) மக்காச்சோளம் இதிலேயே குறைகிறது. ஷார்ட் லைன் பராமரிப்புக்கான வரிச் சலுகையை 2020 டிசம்பரில் நிரந்தரமாக்கினார்களே, அதற்காக எங்கள் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினருக்குக் கடிதம் எழுதியவர்களில் நாங்களும் உண்டு. அப்புறமும் கிடங்குக்குப் பக்கத்தில் மக்கிப்போன ஸ்லீப்பர் கட்டைகள் அப்படியேதான் கிடக்கின்றன.

உங்கள் எஞ்சின் ஓட்டுநர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி, மழை பார்க்காமல் வேலை செய்கிறவர்கள். ஆளைக் குறைத்து அட்டவணையை மாற்றியது அலுவலகம். வேகன் வராத வாரங்களில் தெற்கே இருக்கும் கோழித் தீவன ஆலைக்கு லாரியில் அனுப்பினோம், ஒரு வேகன் சரக்குக்கு மூன்று நாலு லாரி பிடிக்க வேண்டும், அந்தச் செலவு விவசாயிக்குக் கொடுக்கும் விலையில்தான் போய் விழுந்தது.

எங்களுக்கு வேண்டியது இதுதான். டெமரேஜ் தொகையை ரத்து செய்து திருத்திய பில் அனுப்புங்கள். டிசம்பர் வரைக்குமாவது வாரம் மூன்று நாள் எஞ்சின் வர வேண்டும், எந்த நாட்கள் என்று எழுத்தில் தாருங்கள். சைடிங்கில் இருக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்ற வேகன்களை மட்டும் கொண்டுவாருங்கள். நியாயமாகக் கேட்டால் சேவை தர வேண்டியது ரயில்வேயின் சட்டக் கடமை. இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால், ரயில்வேக்களைக் கண்காணிக்கும், வாஷிங்டனில் இருக்கும் தரைவழிப் போக்குவரத்து வாரியத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு இதே கடிதத்தை வேகன் எண்கள், ஏற்றி முடித்த நேரங்களோடு அனுப்புவோம். அந்தப் பட்டியலின் நகலை உங்களுக்கும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கிடங்கு மேலாளர்