கறிக்கடை அண்ணன்மாருக்கு, கொத்துக்கறி வாங்கியவன் எழுதுவது

மதுரையில் கறிக்கடை வைத்திருக்கும் அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிறு உங்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்று தெரியும். ஒரு மாதம் வாயைக் கட்டியவர்கள் எல்லோரும் விடிவதற்குள் பையோடு வந்து நின்றுவிடுகிறோம். அப்படியொரு ஞாயிறில் வாங்கிய முக்கால் கிலோ கொத்துக்கறியால் எங்கள் வீட்டில் நான்கு பேர் படுத்தோம். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. அந்த ஒரு கடையோடு முடிகிற விஷயமாக இருந்தால் அவரிடமே பேசியிருப்பேன்.

கடை வாசலில் அன்று அறுத்த ஆடு முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கொத்துக்கறி கேட்டதும் அண்ணன் அதைத் தொடவில்லை. உள்ளே திரும்பி, ஃப்ரிட்ஜிலிருந்த ஒரு ட்ரேயை எடுத்து, ஏற்கெனவே அரைத்து வைத்திருந்ததை அள்ளித் தராசில் போட்டார். மேலே கறுத்தும் உள்ளே சிவந்தும் இருந்தது. பார்த்தேன். பின்னால் இருபது பேர் நிற்கும்போது, 'இது எப்ப அரைச்சது?' என்று கேட்க வாய் வரவில்லை.

வீட்டில் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "டேய், கவிச்சி கொஞ்சம் தூக்கலா இருக்குல்ல? கையில வேற வழுவழுங்குது." கிடாக்கறி அப்படித்தாம்மா இருக்கும் என்று பெரிய மனுசன் மாதிரி சொல்லிவிட்டேன். அம்மாவும் மஞ்சள் போட்டு ரெண்டு தடவை அலசி, இஞ்சி பூண்டும் சோம்பும் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சேர்த்து, பொட்டுக்கடலை மாவில் பிடித்துக் கோலா உருண்டை பொரித்தார். வாசம் தெருமுனை வரை போனது. நம் மசாலாவுக்கு இருக்கும் திறமையே நமக்கு எதிரி என்று அன்றுதான் புரிந்தது. எந்தக் கவிச்சியையும் அது மூடிவிடுகிறது.

இரவு பதினொன்றரைக்கு அப்பாவுக்குத் தொடங்கியது. வாந்தி, வயிற்றுப்போக்கு, அப்புறம் குளிர்காய்ச்சல். ஒரு மணிக்குள் நான், மனைவி, மகள் மூன்று பேரும் கழிவறைக் கதவுக்கு வரிசை கட்டினோம். எல்லோருக்கும் வைத்துவிட்டு மிச்சமிருந்த ஒரே உருண்டையைச் சாப்பிட்ட அம்மா மட்டும் நிமிர்ந்து நின்றார். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கக் கொடுக்க வெளியே வந்தது. விடியற்காலை நாக்கு வறண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் விழித்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏறிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார்.

முழுப் பழியையும் உங்கள் தலையில் போட நான் வரவில்லை. காலை ஏழரைக்கு வாங்கிய கறியை வண்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் போய்விட்டு, ஒன்பதரைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். அது அடுப்பேறியபோது மணி பதினொன்றரை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கறியை வைக்கவே கூடாது என்பார்கள், மதுரை வெயில் அதற்கு நட்டநடுவில் இருக்கிறது. தோதான சூட்டில் ஒரு கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கணக்குப் போட்டால் நாலு மணி நேரத்தில் ஒன்று 4,096. அந்தப் பெருக்கத்துக்கு நான்தான் இடம் கொடுத்தேன். ஆனால் ஆரம்பத்திலேயே ஒன்றா, லட்சமா என்பது உங்கள் ட்ரேயில் முடிவானது.

கொத்துக்கறியில் கூடுதல் வில்லங்கம் ஒன்று இருக்கிறது. துண்டுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும், குழம்பு கொதிக்கும்போது போய்விடும். அரைக்கும்போது அந்த மேல்பரப்பு முழுக்க உள்ளே போய்விடுகிறது. மெஷினில் ஒட்டியிருக்கும் நேற்றைய மிச்சமும் கூடச் சேர்கிறது. உருண்டை வெளியே பொன்னிறமாகிவிட்டாலும் நடுவில் சூடு ஏறியதா என்று யார் பார்க்கிறோம்? எங்கள் மகளுக்கு உள்ளே மெத்தென்று இருந்தால்தான் பிடிக்கும், அதற்காகவே அம்மா சீக்கிரம் எடுத்துவிடுவார்.

'நல்லா வேகவச்சா எல்லாம் செத்துரும்ணே' என்று உங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிருமி சாகும், சரி. ஸ்டஃபைலோகாக்கஸ் என்று ஒன்று இருக்கிறது. நம் கையிலும் மூக்கிலும் குடியிருப்பது. கறியில் அது கக்கி வைக்கும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை.

ஃப்ரிட்ஜில் வைத்த கறி கெட்ட கறி என்று நான் சொல்லவில்லை. உண்மையில் வெயிலில் தொங்கும் கறியைவிட ஒழுங்காகக் குளிரில் இருக்கும் கறி நல்லது. எங்கள் ஆட்களுக்குத்தான் கண்முன் தொங்கினால் 'ஃப்ரெஷ்' என்று ஒரு நம்பிக்கை. அதற்காக நீங்களும் ஈரத்துணியைப் போர்த்தி நாள் முழுக்கத் தொங்கவிடுகிறீர்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் 2011 விதிமுறை அந்த ஈரத்துணியே கூடாது என்கிறது. 48 மணி நேரத்துக்கு மேல் வைப்பதானால் ஃப்ரீசர் வேண்டும் என்றும் இருக்கிறது.

2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் ஜோத்பூரிலிருந்து வந்த கறி இரண்டாயிரம் கிலோ பிடிபட்டதே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே 'நாயா, ஆடா' என்று அடித்துக்கொண்டது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்து ஆடுதான் என்றதும் அப்பாடா என்று எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அத்தனை தூரம் அது என்ன குளிரில் வந்தது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் எடுபடவே இல்லை. எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதும் உங்களுக்கு வசதியாகிவிட்டது.

ஞாயிறு மிஞ்சிய கறியைக் குப்பையில் கொட்டுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், ஆடு வாங்கிய காசு உங்களுடையது. அதனால் கேட்பது இவ்வளவுதான். விலை எழுதும் பலகையில் இன்னொரு வரி எழுதுங்கள்: இன்று அறுத்தது, நேற்று அறுத்தது. நேற்றையதற்கு ஐம்பது ரூபாய் குறைத்துப் போடுங்கள், குழம்புக்கு வாங்குகிறவர்கள் தெரிந்தே வாங்கிக்கொள்வார்கள். கொத்துக்கறியை முன்கூட்டி அரைத்து வைக்காதீர்கள். கேட்கிறவர் கண்முன்னே துண்டை எடுத்துப் போட்டு அரைத்துக் கொடுங்கள், பத்து நிமிடம் ஆனாலும் நிற்கிறோம். இரவில் மெஷினைக் கழற்றிச் சுடுதண்ணீரில் கழுவுங்கள்.

அம்மா இப்போது கொத்துக்கறி வாங்க விடுவதில்லை. எலும்பில்லாத துண்டாக வாங்கி வரச் சொல்லி, அரிவாள்மனையில் உட்கார்ந்து தானே பொடியாக நறுக்குகிறார். எழுபதை நெருங்கும் கை, அரைக்கிலோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. வர்ற ஞாயிறு காலை ஆறரைக்குத் தூக்குவாளியோடு வருகிறேன். இந்தத் தடவை பின்னால் எத்தனை பேர் நின்றாலும் எப்போது அறுத்தது என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பேன். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள் அண்ணே.