காளானில் காது வைத்த நாள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகள்,

நான் ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்து மூன்று கிழமையாகிவிட்டது. போனில் தினமும் கதைக்கிறோம்தான். ஆனால் பேரன் போனைப் பறித்துக்கொண்டு ஓடுவான், உனக்கும் வேலைக்கு நேரமாகிவிடும். சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிக்கவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நெதர்லாந்தில் உன் வீட்டில் இருந்தபோது, எஃப்டெலிங் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போவோம் என்று நீ சொன்ன இரவு நான் முகம் சுளித்தது உனக்குத் தெரிந்திருக்கும். டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்ததும் நெஞ்சு பக்கென்றது. சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் 64 வயதுக்காரிக்கு என்ன வேலை, நீங்கள் போய்ட்டு வாங்க, நான் சமைத்து வைக்கிறேன் என்றேன். நீ கேட்கவில்லை. உன் குளிர்ச்சட்டையை எனக்குப் போட்டுவிட்டு, கட்டின பாணையும் சம்பலையும் என் கையில் தந்து காரில் ஏற்றினாய். அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும் மகள்.

வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். கோபுரம்போல் கூர்கூராக எழும்பின அந்தக் கூரை முழுக்க நாணல். இங்கே இலுக்கால் வேய்ந்த கூரையின் கீழ் வளர்ந்தவளுக்கு அது புதுமையாகவே தெரியவில்லை, யாரோ தெரிந்தவர்களின் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. எனக்குத் தெரிந்த ஒல்லாந்தர் வேறு ஆட்கள். போர்த்துக்கேயரிடமிருந்து 1638ல் நம்முடைய கோட்டையைப் பிடித்தவர்கள், பீரங்கி வைத்தவர்கள். அந்தக் கோட்டைக்குள் இருந்த அரசாங்க அலுவலகமான கச்சேரியில்தான் எத்தனையோ வருசம் கோப்புக் கட்டினேன். அந்தச் சனத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு காட்டுக்குள் கதைகளுக்கென்று வீடு கட்டி வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்டன் பீக் என்ற ஓவியர் வரைந்து கொடுத்த மாதிரியே 1952ல் அந்தக் கதைக்காட்டைத் தொடங்கினார்கள் என்று மருமகன் சொன்னார். அங்கே மரங்களெல்லாம் உண்மையான மரங்கள். அவற்றுக்கிடையில் ஒருவன் உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தை நீட்டி நீட்டி மேலே போகிறான். பேரனைவிட நான்தான் அதிகம் கத்தினேன் என்று நீ சொன்னாய். உண்மைதான்.

தூங்குகிற இளவரசியைப் பார்த்தாயா? நெஞ்சு ஏறி இறங்குகிறது. பொம்மை என்று தெரிந்தும் சத்தம் போடாமல் நடந்தேன். அவளுடைய காவல்காரரும் தூங்குகிறார்கள். அப்புறம் அந்தப் பெரிய வாய்க்காரன், 'பாப்பீர் ஹீர்', கடதாசி இங்கே, என்று கூப்பிட்டுக் குப்பையைக் கேட்கிறவன். பிள்ளைகள் கடதாசி தேடி ஓடுகிறார்கள், போட்டால் நன்றி சொல்கிறான். சம்பல் சுற்றின பையைக்கூட நான் அவனுக்குத்தான் கொடுத்தேன். நம்முடைய கடற்கரையில் அப்படி ஒருவனை வைத்தால் எவ்வளவு நல்லது!

ஆனால் உனக்குச் சொல்ல வந்தது காளானைப் பற்றி. பாதையோரத்துச் சிவப்புக் காளான்களிலிருந்து பாட்டு வந்ததே, அதில் பேரன் காது வைத்தான். 'அம்மம்மா, நீங்களும்' என்று கையைப் பிடித்து இழுத்தான். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து காதை வைத்தேன். உள்ளே மெல்லிய கம்பி வாத்தியம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிரில் கண்ணீர் வருகிறது என்று நீ துடைக்கத் தாள் தந்தாய். குளிரால் இல்லை மகள். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு பௌர்ணமி இரவில் என் அப்பா கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் கூட்டிப்போனார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மற்ற முனையில் என் காதை வைக்கச் சொன்னார். அடியிலிருந்து வந்தது மீன் பாட்டு. இத்தனை வருசமும் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னை ஒருநாளும் கூட்டிப்போகவும் இல்லை. நீ அந்த வயதிலிருந்தபோது இரவில் வாவியில் தோணி இறக்க முடியாது, பாலத்தில் காவல் நின்றது.

அதேபோல்தான் ராட்டினமும். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் கானிவலைக் காட்டிக் காட்டி அழுவாய். இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும் என்று உன்னை இழுத்துக்கொண்டு வருவேன். அவசரம் பாதி, பயம் பாதி. ராட்டினத்தின் உயரத்துக்கும் எனக்குப் பயம், அதை அன்று உன்னிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் அந்தப் பறக்கும் கோயிலில் ஏறுவோமா என்று நீ கேட்டதும் சரி என்றேன். 45 மீற்றர் என்று மேலே போனபிறகு மருமகன் சொன்னார், நல்லவேளை முதலில் சொல்லவில்லை. தாய்லாந்துக் கோயில்போலக் கட்டி, ஒரு பெரிய கையால் தூக்கிச் சுற்றுகிறார்கள். உன் தோளைப் பிடித்திருந்தேன். முதலில் கண்ணை மூடினேன், பிறகு நீ 'அம்மா, பாருங்க' என்றதும் திறந்தேன். கீழே முழுக்கக் காடு, தூரத்தில் வயல்கள். நீயும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாய், மாமாங்கத்தில் ராட்டினத்தை அண்ணாந்து பார்த்த அதே முகம். அதைப் பார்க்கத்தான் நான் ஏறினேன் போல.

மருமகன் ஏறின அந்தச் சுரங்க ரோலர்கோஸ்டர் ரயில் மட்டும் எனக்கு வேண்டாம். 37.5 மீற்றர் நேரே கிணற்றுக்குள் விழுகிறது! அவர் வெளிறிப்போய் வந்தாரே, இப்போது சுகம்தானே?

அப்பாவிடம் எல்லாவற்றையும் நாலைந்து தரம் சொல்லிவிட்டேன். நேற்று அவர் முன்வீட்டுத் தம்பியிடம் தோணி பற்றிக் கேட்டு வந்திருக்கிறார். பாலத்தடிக்குக் கூட்டிப்போகலாம், காற்றில்லாத இரவாக இருக்க வேண்டும் என்றாராம். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும்தான் நன்றாகக் கேட்கும். பள்ளி விடுமுறைக்கு வரும்போது பௌர்ணமி உள்ளே வருகிற மாதிரிப் பார்த்து டிக்கெட் போடு. பேரனின் அளவுக்கு நீச்சல் சட்டை ஒன்று அங்கிருந்தே வாங்கி வா, இங்கே சின்ன அளவில் நல்லது கிடைக்குமோ தெரியாது. உனக்கும் ஒன்று.

அன்புடன்,
அம்மா