சோற்றையும் மீனையும் ஏன் பிரிக்கிறாய்?

தண்டையார்பேட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதை நினைத்து எனக்கு இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. மதியம் சோறும் காயும் மட்டும், இரவில் சோறில்லாமல் மீனோ முட்டையோ மட்டும் என்று இரண்டு மாதமாகப் பிரித்து உண்பதாகவும், அதனால் நான்கு கிலோ குறைந்ததாகவும் மகிழ்ச்சியோடு சொன்னாய். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்பதைப் பேச்சின் கடைசியில்தான் சொன்னாய்.

மாவுச்சத்து செரிக்கக் காரத்தன்மையும் புரதம் செரிக்க அமிலமும் வேண்டும், ஆகவே இரண்டையும் ஒரே வேளையில் உண்ணக் கூடாது என்பது, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வில்லியம் ஹோவர்ட் ஹே என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய கருத்து. முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவள் சொல்கிறேன், நம் வயிறு அப்படி வேலை செய்வதில்லை. சோற்றை மெல்லும்போதே உமிழ்நீர் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது; எதை உண்டாலும் இரைப்பையில் அமிலம் சுரக்கிறது; உணவு சிறுகுடலுக்குப் போனதும் கணையநீர் அந்த அமிலத்தை முறித்து, மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் செரிக்கும் நொதிகளை ஒன்றாகவே கொண்டுவந்து சேர்க்கிறது. துவரம்பருப்பையே எடுத்துக்கொள்: அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம், பாதிக்கு மேல் மாவுப்பொருள். அதை எந்த வேளைக்கு ஒதுக்குவாய்?

எடை குறைந்தது உண்மைதான், ஆனால் காரணம் வேறு. ஜெனீவா மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உடல் பருத்த 54 பேருக்கு ஆறு வாரம் நாளொன்றுக்கு 1,100 கலோரி அளவில், ஒரு சாராருக்குப் பிரித்தும் மற்றவர்களுக்குக் கலந்தும் உணவளித்தார்கள். பிரித்து உண்டவர்கள் சராசரியாக 6.2 கிலோவும் கலந்து உண்டவர்கள் 7.5 கிலோவும் குறைந்தார்கள். பிரித்ததால் கூடுதலாக எந்தப் பலனும் கிடைக்கவில்லை. நீ இளைத்ததும் இரவுச் சோறு நின்றுபோனதால்தான்.

மீனோடு தயிர் சேர்த்தால் தோலில் வெண்புள்ளி வரும் என்று உன் பாட்டி தட்டைப் பிடுங்கி வைப்பாரே, அதுவும் அன்பினால் வந்த அச்சமே தவிர உண்மையன்று.

சேர்த்து உண்பதால் வரும் நன்மையை எண்ணிப் பார். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவாக உள்ள லைசின் உளுந்தில் மிகுதி. உளுந்தில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை அரிசி ஈடுசெய்கிறது. நேற்றிரவு ஆட்டி வைத்த மாவு, இன்று காலை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றபோது உன் நினைவுதான் வந்தது. கீரையில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது குறைந்துவிடும். உனக்குக் கவனம் வேண்டியது இங்கேதான்.

இந்த வாரமே ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து எனக்குச் சொல். காசிமேட்டில் இன்று வாங்கிய நெத்திலியை மாடியில் காயவைத்திருக்கிறேன். அண்ணன் அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன், சோற்றோடு சேர்த்தே சாப்பிடு.

அன்புடன்,
அம்மா