பாப்பாவின் −1

அன்புள்ள மகனுக்கு,

இரண்டு கோடுகள் செங்குத்தாக இருந்தால் அவற்றின் சாய்வுகளின் பெருக்கற்பலன் ஏன் −1 என்று பாப்பா கேட்டதாகவும், "சூத்திரம் அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று நீ சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பதிலோடு அவளை விட்டுவிடாதே.

முதலில் செங்குத்து என்றால் என்ன என்று அவளையே கேள். 90 பாகை என்பாள். சரிதான், ஆனால் 90 பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட எண். ஒரு முழுச் சுற்றை 360 ஆகப் பிரித்ததால் கால் சுற்று 90 ஆயிற்று. 400 ஆகப் பிரித்து அளக்கிற முறையும் உண்டு, அதில் இதே கோணம் 100. யூக்ளிட் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்பே எண்ணே இல்லாமல் சொல்லிவிட்டார்: ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு நிற்கும்போது இரண்டு பக்கமும் உண்டாகும் கோணங்கள் சமமாக இருந்தால், அவை ஒவ்வொன்றும் செங்கோணம், நிற்கிற கோடு செங்குத்து. எந்தப் பக்கமும் சாயவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சோதிக்கப் பாகைமானிகூட வேண்டாம். தாளில் ஒரு கோடு போட்டு, கோட்டின் ஒரு பாதி மறு பாதியின்மேல் சரியாகப் படியும்படி மடிக்கச் சொல். மடிப்பு விழும் இடம் செங்குத்து. அப்புறம் அந்தத் தாளை எப்படி வேண்டுமானாலும் திருப்பட்டும். பாடப்புத்தகப் படங்களில் ஒரு கோடு எப்போதும் படுத்தே இருக்கும், மற்றது நின்றே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, நிமிர்ந்து நின்றால்தான் செங்குத்து என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடிக்காத பழக்கம் அது.

இப்போது −1. கட்டம் போட்ட தாளில் ஆதிப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் 3, மேலே 2 போய் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுக்கட்டும். மேலே ஏறியதைப் பக்கவாட்டில் நகர்ந்ததால் வகுத்தால் வருவதுதான் சாய்வு, இங்கே 2/3. தாளை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பினால் வலப்பக்கமாகப் போன 3 இப்போது மேலே போகிறது. மேலே போன 2 இடப்பக்கம் போகிறது. புள்ளி (−2, 3)-இல் வந்து உட்காரும், சாய்வு −3/2. பெருக்கிப் பார்த்தால் −1. ஏறுவதும் நகர்வதும் இடம் மாறியதால் பின்னம் தலைகீழானது. மேலே போனது இடப்பக்கம் திரும்பியதால் கழித்தல் குறி வந்தது. எந்த எண்ணை வைத்துச் செய்தாலும் இதுவேதான். நீ சொல்லாதே, அவளே திருப்பிப் பார்க்கட்டும்.

கெட்டிக்காரியாக இருந்தால் அடுத்து ஒன்று கேட்பாள்: படுத்த கோட்டின் சாய்வு 0, நின்ற கோட்டுக்குச் சாய்வே கிடையாது, அங்கே −1 எப்படி வரும்? வராது. ஆனாலும் அவை செங்குத்துதான். அதற்கு வேறு வழி இருக்கிறது. ஆதிப்புள்ளி வழியாகப் போகும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கோடுகளிலும் ஒவ்வொரு புள்ளி எடுத்து, x-களைப் பெருக்கி, y-களைப் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் 0 வரும். (3, 2), (−2, 3) என்றால் −6 + 6. (5, 0), (0, 4) என்றாலும் 0. இது எங்கேயும் கைவிடாது.

உனக்கும் ஒரு கேள்வி வைக்கிறேன். ஒரே தளத்தில் ஒரு கோட்டுக்குச் செங்குத்தான இரண்டு கோடுகள் இணையாகத்தான் இருக்கும் என்று படித்திருக்கிறாய். அறையின் மூலையைப் பார். மூன்று விளிம்புகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. எந்த இரண்டை எடுத்தாலும் அவை மூன்றாவதற்குச் செங்குத்து, ஆனால் இணையாக இல்லையே! எங்கே இடிக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து எழுதுங்கள். பாப்பா முதலில் சொல்லட்டும்.

அன்புடன்,
அம்மா