அப்பாவின் கடைசி மாதங்களில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கும், எங்கள் வட்டாரத்து நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் சகோதரிக்கும், பெண் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவுக்கும், எங்கள் தெருவார் அனைவருக்கும் வணக்கம்.

வாய்ப்புற்றுநோயால் துன்புற்றிருந்த எங்கள் அப்பா, இந்த ஐப்பசியில், பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையோரம் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்திலேயே, அம்மாவும் பிள்ளைகளும் சூழ்ந்திருக்கக் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். உங்களிடம் நேரில் நன்றி சொன்னபோதெல்லாம், கடமையைத்தானே செய்தோம் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டீர்கள். நீங்கள் செய்தது இன்னதென்று ஊரார் அறிய எழுதிவைக்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன்.

அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, சில மாதங்களிலேயே கன்னத்தில் நோய் மீண்டும் தலைகாட்டியபோது, நாங்கள் நம்பிப் போயிருந்த ஒரு மருத்துவமனையில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று கூறிவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்து வந்து என்ன செய்வது என்பதை யாரும் சொல்லவில்லை. வலியில் அப்பா இரவு முழுவதும் திண்ணைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வந்த தன்னார்வலர் அக்காதான், அதே திட்டத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளின் வீட்டுக்குச் செவிலியர் வருவதுண்டு என்று சொல்லி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்தார். அக்கா, அந்த ஒரு சொல்லிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் என்ற மருந்தின் பெயரைக் கேட்டதும் வீட்டில் எழுந்த அச்சத்தை, மருத்துவர் ஐயா, நீங்கள் எங்கள் திண்ணையில் அமர்ந்து பொறுமையாகப் போக்கியதை மறக்க மாட்டோம். மயங்கியே கிடப்பாரே, பழக்கமாகிவிடுமே, உயிர் சீக்கிரம் போய்விடுமே என்று அத்தையும் சித்தப்பாவும் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொன்னீர்கள். வலிக்கு ஏற்ற அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும்போது அது உயிரைக் குறைப்பதில்லை என்றும், முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருந்து பின்னர் தணியும் என்றும், மலச்சிக்கல் மட்டும் தணியாதாகையால் அதற்கான மருந்தைக் கூடவே கொடுத்துவர வேண்டும் என்றும் விளக்கினீர்கள். தம்பி கும்பகோணத்தில் கடை கடையாக ஏறி இறங்கியும் அந்த மாத்திரை ஏன் கிடைக்கவில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது: 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகளே அதை வாங்கி வைக்கத் தயங்கின; 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம நடைமுறை எளிதான பிறகும், பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில்தான் அது கிடைக்கும். விலை மலிவான ஒரு மாத்திரைக்காக இன்னும் எத்தனை வீடுகளில் இரவெல்லாம் விழித்திருக்கிறார்களோ என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

மார்ஃபின் கொடுக்க வேண்டிய வேளைகள் இவை: காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்துக்கு இருமடங்கு. அம்மாவுக்கு எழுத்து வராது என்றறிந்த செவிலியர் சகோதரி, ஓர் அட்டையில் உதிக்கும் சூரியனையும் உச்சி வெயிலையும் நிலவையும் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் மாத்திரைகளை வட்டமாகப் போட்டுக் கொடுத்தார். அளவு சரியாக அமைந்த பிறகு அப்பா உறங்கினார். உறங்கி எழுந்தவர் மயக்கத்தில் இல்லை. பேச முடியாததால் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கி, மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்ததா, சம்பாவுக்குச் சி.ஆர். 1009 நெல் நாற்று விட்டாயா, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் பாக்கி எவ்வளவு என்று தம்பியிடம் எழுதிக் கேட்கத் தொடங்கினார். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது, அம்மாவை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர் கைப்பட அந்த நோட்டில் இருக்கின்றன. வலி பிடுங்கிக்கொண்டு போயிருந்த எங்கள் அப்பாவை நீங்கள் எங்களிடம் திருப்பிக் கொடுத்தீர்கள்.

புண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கன்னத்தில் துளை விழுந்து நாற்றம் எடுத்தபோது, அப்பா பேத்தி வந்தால்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். எங்களுக்கும் அருகில் சென்று துடைக்கக் கை நடுங்கியது. உப்புச் சேர்த்துக் கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் கழுவுவது, ஒட்டியிருக்கும் துணியை இழுக்காமல் நனைத்தே எடுப்பது, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவது என்று சகோதரி முதல் நாள் தாமே செய்து காட்டி, அடுத்த முறை என் கையைப் பிடித்துச் செய்ய வைத்து, அதற்கடுத்த முறை ஒதுங்கி நின்று பார்த்தார். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. அப்பா கைதட்டித் தம்பி மகளை அழைத்துத் தம் கட்டிலில் உட்கார வைத்துக்கொண்ட அன்று அம்மா வெகுநேரம் அழுதார். மூக்குக்குழாய் வழியே கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும், முடிந்ததும் வெந்நீர் விட்டுக் குழாயைக் கழுவுவதும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் இப்படித்தான் எங்கள் கைகளுக்கு வந்தன. வேதனையைக் காட்டிலும் எங்களை வாட்டியது என்ன செய்வதென்று தெரியாத நிலைதான். அதைத்தான் நீங்கள் முதலில் நீக்கினீர்கள்.

வெற்றிலையோடு புகையிலை போட்டதால்தானே வந்தது என்று அப்பாவின் காதுபட உறவினர் ஒருவர் பேசியபோது, மருத்துவர் ஐயா, நீங்கள் காரணத்தை மறுக்கவில்லை. ஆனால் இனி இந்தக் கூடத்தில் அந்தப் பேச்சு வேண்டாம், இளையவர்களிடம் வெளியே சொல்லுங்கள் என்று கண்டிப்பாகக் கூறினீர்கள். அதற்குப் பின் யாரும் அதை எடுக்கவில்லை. அப்பாவைக் கவனிப்பதில் அம்மா தம்முடைய சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் சகோதரிதான். அம்மா அவரைப் "பாப்பா" என்றே அழைப்பார். பாப்பா வரும் நாளில் மட்டும் அம்மா உட்கார்ந்து சாப்பிடுவார்.

கடைசி நாட்களில் அப்பாவுக்குக் கஞ்சி செல்லவில்லை. பட்டினி போட்டா அனுப்புவது, குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று அத்தை மன்றாடினார். உடல் அடங்கிவரும் வேளையில் பசி எடுப்பதில்லை, வலிந்து ஏற்றும் நீர் வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் கூட்டக்கூடும் என்று விளக்கிய நீங்கள், மருத்துவர் ஐயா, ஈரத் துணியால் உதட்டையும் நாவையும் நனைக்கும் பொறுப்பை அத்தையிடமே கொடுத்தீர்கள். தம் அண்ணனுக்குத் தாமும் ஒன்று செய்தோம் என்ற நிறைவு இன்று அத்தைக்கு இருக்கிறது. தொண்டையில் கரகரப்பு எழுந்தபோது, பார்க்கத்தான் அச்சமாக இருக்கும், அவருக்கு அது தெரியாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று இரவில் தொலைபேசியில் சகோதரி சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் விடியும்வரை இருந்தோம்.

படுக்கைப்புண் வராதிருக்க அப்பாவுக்குப் போட்டிருந்த காற்றுமெத்தை தொடர்ந்து இயங்க, மின்சாரம் நின்றபோதெல்லாம் தம் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கம்பி இழுத்துத் தந்த எதிர்வீட்டாருக்கும், குறுவை அறுவடையைத் தம்பிக்காக முன்நின்று முடித்துத் தந்த பங்காளிகளுக்கும், தினமும் எங்களுக்குச் சோறு வடித்துக் கொடுத்தனுப்பிய பெரியம்மாவுக்கும் எங்கள் வணக்கமும் நன்றியும்.

காரியம் முடிந்த பின்னும் அம்மாவைப் பார்க்கச் சகோதரி வந்தார். மீதமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணிக் கணக்கோடு அவரிடம் ஒப்படைத்துவிட்டோம். காற்றுமெத்தையைக் கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக்குத் தேவையென்றாலும் சகோதரியிடம் சொன்னால் தம்பி கொண்டுவந்து கொடுப்பான். குழாயில் கஞ்சி கொடுக்கவும் புண்ணைக் கழுவவும் கற்றுக்கொள்ள விரும்புவோர் வீட்டுக்குத் தாம் வந்து செய்து காட்டுவதாக அம்மா சொல்லச் சொன்னார். தயங்காமல் அழையுங்கள்.

என்றும் நன்றியுடன்,
அம்மாவின் சார்பிலும் குடும்பத்தார் அனைவரின் சார்பிலும்,
மூத்த மகள்