கோழி, மாடு வளர்ப்போர் குழு: சோள விலை பார்க்கும் கூட்டம்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் சிக்காகோ சந்தையின் சோள முன்பேர விலையை (பிறகு கொடுக்கப்போகும் சோளத்துக்கு இப்போதே பேசும் விலை) இனித் தினமும் இங்கே போடுவேன். அதை வாசிக்கும் முறை பற்றி வரும் ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு, கோண்டாவில் சனசமூக நிலையத்தில் கதைப்போம்.

1. அங்கே விலை புசலுக்கு இத்தனை அமெரிக்க சதம் என்று வரும். ஒரு புசல் சோளம் 25.4 கிலோ. 450 என்று கண்டால் நாலரை டொலர், கிலோ 18 சதம் மட்டில். கப்பல் கூலி, வரி வேறு.
2. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் விளைச்சல், தேவை பற்றிய மாத அறிக்கை நம் நேரம் இரவு 9.30க்கு (அங்கே குளிர்கால நேரம் என்றால் 10.30க்கு) வரும். அன்றைக்கு விலை துள்ளும். பதறித் தீன் மூட்டை குவிக்க வேண்டாம். நான் குவித்து, பாதி பூஞ்சணம் பிடித்ததுதான் மிச்சம்.
3. அங்கத்தைய மாட்டு விலை நமக்குப் பொருந்தாது, விடுங்கள்.
4. கடைசியாக வாங்கிய தீன் பற்றுச்சீட்டைக் கொண்டு வாருங்கள்.

வருவோர் சனி இரவுக்குள் பெயர் போடவும். கட்டைவிரல் படம் கணக்கில் வராது, தேநீருக்கு ஆள் எண்ண வேண்டும்.